ஸ்காலர்ஷிப் வரும்வரை வட்டி கட்டுவது யார்?

(ராமநாதபுரத்தில் கல்லூரி மாணவர்கள் கூடிய அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



இங்கிருந்து ராமேஸ்வரம் போகிற வழியில் பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம் இருக்கிறது. உங்களில் பாதிப் பேரைப் பள்ளிக்கூடத்திலிருந்து அங்கே கூட்டிப் போயிருப்பார்கள். பேச்சுப் போட்டியில் அவரைப் பற்றிப் பேசி டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியவர்களும் இருப்பீர்கள். அந்தப் பேச்சுகளில் தவறாமல் ஒரு வளையல் வரும். மெட்ராஸ் எம்.ஐ.டி.யில் இடம் கிடைக்கிறது, சேருவதற்கு ஏறக்குறைய 1,000 ரூபாய் வேண்டும், அப்பாவிடம் இல்லை. அக்கா ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுக்கிறார். கலாமே 'அக்னிச் சிறகுகள்' நூலில் இதைச் சொல்லியிருக்கிறார்.

அதே நூலில் இன்னொரு செய்தி உண்டு. வளையல் கல்லூரியில் சேருவதற்குத்தான் ஆயிற்று. படிக்கும்போது அவருக்கு ஸ்காலர்ஷிப் இருந்தது. ஒரு விமான வடிவமைப்பை மூன்று நாளில் முடிக்காவிட்டால் ஸ்காலர்ஷிப்பை நிறுத்திவிடுவேன் என்று பேராசிரியர் சொல்லிவிட, இவர் ராத்தூக்கம் இல்லாமல் வரைந்து முடித்தார். இதைச் சொல்கிறவர்கள் உழைப்பின் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் தெரிவது, அந்தப் பணம் நின்றால் படிப்பு நிற்கும் என்பது பேராசிரியருக்கும் தெரிந்திருந்தது, மாணவருக்கும் தெரிந்திருந்தது என்பதுதான்.

நம் வீடுகளில் அந்த வளையலும் கிடையாது. என் அம்மா உப்பளத்தில் உப்பு வாரப் போனவர். அப்பா கரிமூட்டம் போட்டவர். சாயல்குடிப் பக்கம் எங்கள் தெருவில் அடகுக்குப் போவது அண்டாவும் சைக்கிளும்தான். ஆகவே எங்களுக்கு ஸ்காலர்ஷிப் ஒன்றே நகை. அது எங்கிருந்து வந்தது, வந்து சேருவதற்குள் என்னென்ன நடக்கிறது என்பதைப் பேசத்தான் என்னை அழைத்திருக்கிறீர்கள்.

1913இல் அம்பேத்கர் அமெரிக்காவுக்குப் போனது பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகையில். மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்கு. பதிலுக்கு, படித்து முடித்ததும் பத்தாண்டுகள் பரோடா அரசில் வேலை பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தம். 1917இல் சொன்னபடி போய்ச் சேர்ந்தார். குடியிருக்க வீடு கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். கம்புகளோடு கூட்டமாக வந்து வெளியேற்றினார்கள். அலுவலகத்தில் பியூன் கோப்புகளை மேசைமேல் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார். கொடுத்த மன்னர் நல்லவர்தான். ஆனால் ஒரு மனிதரின் நல்ல மனசை நம்பி வாங்கும் பணம் எவ்வளவு தூரத்துக்குக் கூட வரும் என்பதை அண்ணல் பரோடாவில் பார்த்தார்.

1942இல் அவர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினர் ஆனார். அந்த ஆண்டு அக்டோபரில் லின்லித்கோ பிரபுவிடம் பட்டியல் சாதிகளின் குறைகளைத் தொகுத்து ஒரு மனு கொடுத்தார். அதில் கல்விக்குத் தனி நிதி கேட்டார். ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. 1944இல் தொடங்கியதாக அரசு ஆவணங்கள் சொல்லும் திட்டம்தான் இன்று நீங்கள் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து 'போஸ்ட் மெட்ரிக்' என்று தேர்ந்தெடுக்கிற திட்டம். மன்னரின் கருணையாக இருந்ததை அவர் அரசின் செலவுக் கணக்கில் ஏற்றிவிட்டார்.

தமிழில் நாம் அதை இன்னும் 'உதவித்தொகை' என்றே சொல்கிறோம். உதவி என்றால் கொடுப்பவர் மனசு வைக்க வேண்டும், வாங்குபவர் காத்திருக்க வேண்டும், கடைசியில் நன்றியும் சொல்ல வேண்டும். 2023 செப்டம்பர் 15 அன்று குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது தமிழ்நாடு அரசு அதற்கு 'மகளிர் உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தது. நல்ல பெயர். அந்தப் பணம் ஒரு மாதம் வராவிட்டால் எங்கள் தெரு அம்மாக்கள் தாலுகா ஆபீஸில் போய்க் கேட்கிற குரலே வேறு. அதே அம்மாக்கள் பிள்ளையின் ஸ்காலர்ஷிப்பைக் கேட்கப் போனால் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு சொல் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள் ஒருநாள் அந்தக் கவுண்டரில் நின்று பார்க்கட்டும்.

இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் செப்டம்பர் 11 பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 1957இல் பரமக்குடியில் தியாகி இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்ட நாள். 2011இல் அதே பரமக்குடியில், அவருக்கு அஞ்சலி செலுத்த வந்தவர்கள்மேல் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்திய நாள். சரியாக ஓராண்டு கழித்து, 11.9.2012 என்ற தேதியில், ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையின் அரசாணை எண் 92 வந்தது. சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் பட்டியல் சாதி, பழங்குடி, கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிட மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற ஆணை. தேதி தற்செயலாகவே இருக்கட்டும். அந்த ஆணைக்குப் பிறகுதான் எங்கள் தெருவிலிருந்து இரண்டு பேர் பொறியியல் படிக்கப் போனார்கள். அதற்கு முன்னால் பொறியியல் கல்லூரிக்குள் நுழைந்தவர்கள் சித்தாள் வேலைக்குப் போனவர்கள் மட்டும்தான்.

சரி, இப்போது விண்ணப்பத்துக்கு வருவோம். முதலில் கேட்பது வருமானச் சான்றிதழ்.

கரிமூட்டம் போடுகிறவருக்கு மாத வருமானம் என்று எதை எழுதுவது? கருவேலம் வெட்டி, அடுக்கி, மண் பூசி, தீ வைத்து, காவல் கிடந்து, ஆறவிட்டுப் பிரித்து, மூட்டை பிடித்த பிறகுதான் காசு. அதிலும் வாங்கிய முன்பணம் கழியும். உப்பளத்தில் மழை மாதங்களில் வேலையே கிடையாது. ஆனாலும் படிவத்தில் ஒரு எண் வேண்டும். எனக்கு 72,000 என்று எழுதிக் கொடுத்தார்கள். என் தோழிக்கும் 72,000. பக்கத்து ஊர்ப் பையனுக்கும் 72,000. ஒரு காலத்தில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு அதுதான் வருமான வரம்பு. அந்த எண் அப்படியே ஊரெல்லாம் ஒட்டிக்கொண்டது. நம் மாவட்டத்தில் அண்ணன் தம்பிகூட ஒரே மாதிரி இருக்க மாட்டார்கள், வருமானம் மட்டும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

இது சிரிக்கிற விஷயம் மட்டும் இல்லை. போஸ்ட் மெட்ரிக் திட்டத்துக்கு 2013இல் வருமான வரம்பை ஆண்டுக்கு 2.5 லட்சம் ஆக்கினார்கள். 2021இல் புதிய வழிகாட்டு நெறிமுறைகள் வந்தபோதும் அதே 2.5 லட்சம்தான். எட்டு ஆண்டுகளில் அரிசி விலை ஏறியது, பஸ் கட்டணம் ஏறியது, இது ஏறவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். அம்மாவுக்கு நாள் கூலி 400, அப்பாவுக்கு 400, மாதம் 26 நாள் வேலை என்றால் ஆண்டுக்கு 2,49,600 ரூபாய். வரம்புக்கு 400 ரூபாய்தான் மிச்சம். இரண்டு பேரும் உடம்பு சரியில்லை என்று ஒருநாளும் படுக்காமல் வேலைக்குப் போனால், கூலியில் பத்து ரூபாய் கூட்டிக் கேட்டால், பிள்ளையின் ஸ்காலர்ஷிப் போய்விடும்.

2019இல் உயர்சாதி ஏழைகளுக்கு 10 விழுக்காடு இட ஒதுக்கீடு வந்ததே, அவர்களுக்கு எவ்வளவு வருமானம் வரை ஏழை? 8 லட்சம். மாதம் 66,000 வாங்கும் குடும்பம் அங்கே ஏழை. மாதம் 21,000 வாங்கும் குடும்பம் இங்கே வசதியானது. நம்மைப் பொய் எண் எழுத வைப்பது இந்த வரம்புதான். பொய் எண் எழுதிய காகிதத்தோடு நிற்பவர், கையெழுத்துப் போட்டவருக்கு ஆயுள் முழுக்கக் கடமைப்பட்டவராகி விடுகிறார். ஊர்க்கூட்டத்தில் பொதுப்பாதை கேட்க எழுந்தால், "ஒம் மகளுக்கு வருமானச் சான்று வாங்குனது மறந்துபோச்சோ?" என்று ஒரு குரல் வரும். நான் கேட்டிருக்கிறேன்.

அடுத்தது காத்திருப்பு. இன்று நான் முக்கியமாகப் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

என் சித்தப்பா மகன் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் படித்தான். பெயர் வேண்டாம். கட்டணம் கட்டினால்தான் ஹால் டிக்கெட் என்றார்கள். "ஸ்காலர்ஷிப் வரும் சார்" என்றான். "வரட்டும், வந்ததும் நீயே எடுத்துக்க, இப்பக் கட்டு" என்றார்கள். சித்தப்பா 25,000 ரூபாய் கடன் வாங்கினார், நூற்றுக்கு மூன்று வட்டி. பணம் கணக்கில் ஏறப் பத்து மாதம் ஆனது. வட்டி மட்டும் 7,500. வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போய்வரும் தொழிற்கல்வி மாணவருக்கு 2021 நெறிமுறைப்படி ஆண்டுக்குக் கொடுக்கிற படிப்புப்படி எவ்வளவு தெரியுமா? 7,000. படி முழுவதும் வட்டிக்குப் போய், மேற்கொண்டு 500 ரூபாய் கையிலிருந்து. கலைக் கல்லூரிக்கு வீட்டிலிருந்து போய்வரும் பி.ஏ. மாணவர் என்றால் ஆண்டுக்கு 3,000 ரூபாய். நாளுக்கு எட்டு ரூபாய் சொச்சம். டீ குடிக்கலாம், வடை எடுக்க முடியாது.

மத்திய அரசு 2017-18 முதல் 2019-20 வரை இந்தத் திட்டத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 1,100 கோடிதான் கொடுத்தது. மீதியை மாநிலங்கள் சுமந்தன. 2020 டிசம்பரில் அமைச்சரவை ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி என்று அறிவித்தது. அதில் 60 விழுக்காடு மத்திய அரசு, 40 விழுக்காடு மாநில அரசு. போராடியதால் கிடைத்தது இது, சும்மா கிடைக்கவில்லை. கூடவே ஒரு மாற்றமும் வந்தது. மாநிலம் தன் பங்கை விடுவித்த பிறகுதான் மத்தியப் பங்கு வரும், அதுவும் நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கு. அதை எடுத்துக் கல்லூரியில் கட்ட வேண்டியது மாணவர் பொறுப்பு.

இதற்கு நியாயமான காரணமும் உண்டு. போலி மாணவர்கள் பெயரில் கல்லூரிகள் பணம் சுருட்டிய வழக்கு ஹிமாச்சலில் சி.பி.ஐ. வரை போனது. நேரடியாகக் கொடுத்தால் திருட்டு குறையும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முன்பு கடன் யாருக்கும் யாருக்கும் இடையில் இருந்தது? அரசு தர வேண்டும், கல்லூரி வாங்க வேண்டும். இப்போது அரசுக்கும் கல்லூரிக்கும் நடுவில் பதினெட்டு வயதுப் பிள்ளையை நிறுத்தி, அவரைக் கடன்காரர் ஆக்கியிருக்கிறோம். அரசின் பணம் தாமதமானால் கல்லூரி அரசிடம் கேட்பதில்லை, பிள்ளையைக் கேட்கிறது. ஒரு தம்பி சொன்னான், அவன் கல்லூரியில் சேரும்போதே பாஸ்புக்கையும் ஏ.டி.எம். கார்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்களாம். நெல் மூட்டைக்கு முன்பணம் கொடுத்தவர் களத்திலேயே வந்து உட்காருவாரே, அது மாதிரி.

கடலோரத்துத் தோழர்களுக்கு இதில் இன்னொரு இடி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் கிடக்கும். நிவாரணம் 8,000 ரூபாய். தடை முடிகிற அதே நாட்களில்தான் கல்லூரிச் சேர்க்கை. வீட்டில் காசு சுத்தமாக வற்றிய வாரத்தில் கட்டணம் கேட்கிறார்கள். அப்பாவை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன வீட்டின் வருமானச் சான்றிதழில் போன வருடத்து எண் இருக்கும், அடுப்பில் இந்த வருடத்துச் சாம்பல் இருக்கும். மீனவர் பிள்ளைகள் பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட பட்டியலில் இருக்கலாம், அவர்களின் திட்டம் வேறாக இருக்கலாம். காத்திருப்பு ஒன்றுதான். ஆகவே இந்தக் கோரிக்கையைப் பாம்பனும் தங்கச்சிமடமும் சேர்ந்து பேசினால் நமக்குப் பலம்.

சாதிச் சான்றிதழ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இந்தக் கரையில் அது தனிச் சிக்கல். 2021இல் நாடாளுமன்றம் ஒரு சட்டத் திருத்தம் செய்து, பள்ளன், குடும்பன், கடையன் உள்ளிட்ட ஏழு பெயர்களைத் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயரின்கீழ் கொண்டுவந்தது. ஆனால் ராமநாதபுரம் உட்பட ஏழு மாவட்டங்களின் கடலோரப் பகுதிக் கடையர்கள் அதில் சேரமாட்டார்கள் என்று அதே சட்டம் சொல்கிறது. கடலோரம் எது, உள்நாடு எது என்று கோடு போட்டவர்கள் அந்தக் கோட்டில் குடியிருப்பவர்களைக் கேட்டார்களா? விண்ணப்பிக்கும்போது உங்கள் சான்றிதழில் உள்ள பெயரும் போர்ட்டலில் தேர்ந்தெடுக்கும் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் வேறு வேறாக இருந்தால் விண்ணப்பம் நின்றுவிடும்.

கிறித்தவ ஆதிதிராவிடர்களை 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி பட்டியலுக்கு வெளியே நிறுத்துகிறது. கோயில் மாறினாலும் தெரு மாறவில்லை என்பது ஓரியூர்த் திருவிழாவுக்குப் போய்வந்த எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்குத் தமிழ்நாடு அரசு தன் சொந்த நிதியிலிருந்து கொடுக்கிறது. எனவே "கன்வெர்ட்டுக்கெல்லாம் கிடையாது" என்று யாராவது திருப்பி அனுப்பினால் நம்பித் திரும்பாதீர்கள். மண்டபம் முகாமில் பிறந்து, இங்கேயே பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கோ மத்தியத் திட்டத்தின் கதவு மூடியே இருக்கிறது. குடியுரிமை வேண்டும் என்கிறார்கள்.

இனி வகுப்பறை. நான் இளங்கலை படித்த கல்லூரியில் ஒரு வழக்கம் இருந்தது. அலுவலகத்திலிருந்து ஒருவர் தாளோடு வருவார். பாடம் நடந்துகொண்டிருக்கும். "எஸ்.சி. ஸ்காலர்ஷிப் ஆளெல்லாம் எந்திரிங்க." எழுந்து நிற்போம். அன்றுவரை என்னோடு சாப்பாட்டுத் தூக்கைப் பகிர்ந்துகொண்ட ஒரு பெண் அடுத்த நாளிலிருந்து வேறு மரத்தடிக்குப் போய்விட்டாள். மூன்று ஆண்டும் பேசவில்லை. நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கையில், பள்ளிகளில் மாணவரின் சாதி வகுப்பறையில் வெளிப்படக் கூடாது என்பதை விரிவாகப் பேசியிருக்கிறது. கல்லூரிகளுக்கும் அதைக் கேட்க வேண்டும். குறுஞ்செய்தி இருக்கிறது, வாட்ஸ்அப் இருக்கிறது, யாரையும் எழுப்பி நிறுத்தாமல் ஒரு தகவலைச் சொல்ல முடியும்.

ஆய்வுப் படிப்புக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். எனக்கு வருகிற ஆய்வு நிதியும் மாதாமாதம் வந்ததில்லை. வரும் மாதத்தில் கடனை அடைப்பேன், வராத மாதத்தில் அதே கடையில் மறுபடி வாங்குவேன். 2016 ஜனவரி 17 அன்று நம்மைவிட்டுப் போன ரோகித் வெமுலா தன் கடைசிக் கடிதத்தில், தனக்கு ஏழு மாத ஆய்வுத்தொகை, 1,75,000 ரூபாய், வரவேண்டியிருக்கிறது என்று எழுதினார். அதிலிருந்து ஒரு நண்பருக்குத் தரவேண்டிய கடனைத் தீர்க்கச் சொன்னார். அவர் கடிதத்தில் நட்சத்திரங்களைப் பற்றி எழுதியதைத்தான் எல்லோரும் பகிர்கிறார்கள். அந்தக் கடன் கணக்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2022 டிசம்பரில் சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் ஆய்வுத்தொகையை நிறுத்துவதாக ஒன்றிய அரசு அறிவித்தது. 2025இல் வெளிநாட்டுப் படிப்புக்கான தேசிய உதவித்தொகைக்கு 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, நிதி இல்லை என்று முதலில் 40 பேருக்கு மட்டும் கடிதம் கொடுத்தார்கள். இடம் கிடைத்தும் பணம் வராமல் நிற்பது என்ன என்பது சாயல்குடியில் தெரியும், டெல்லியிலும் தெரிந்திருக்க வேண்டும்.

என்ன செய்யலாம்? சான்றிதழ்களை மே மாதமே விண்ணப்பித்துவிடுங்கள், ஜூனில் இ-சேவை மையத்தில் நிற்க இடம் இருக்காது. வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்று வங்கியில் நேரில் போய்க் கேளுங்கள். பெயரில் ஓர் இனிஷியல் மாறியிருந்தாலும் இப்போதே திருத்துங்கள். பொறியியல் சேருபவர்கள் கலந்தாய்வு வழியாகவே சேருங்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிட்டு "ஸ்காலர்ஷிப் உண்டு" என்று ஆசை காட்டும் தரகர்கள் நம் தெருக்களுக்குள் வருகிறார்கள், அந்த ஒதுக்கீட்டுக்குத் திட்டத்தில் இடமில்லை. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018 அக்டோபரில் அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்பைப் போனில் வைத்திருங்கள், கேட்கும்போது காட்டுங்கள்.

பணம் வரவில்லை என்றால் தனியாகப் போய்க் கெஞ்சாதீர்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள். ஒருவர் போனால் "பார்க்கிறோம்மா" என்பார்கள். ஒரே கல்லூரியின் முப்பது பேர் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டுப் போனால் அன்றைக்கே கல்லூரிக்குப் போன் போகும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மூன்று தேதிகளைக் கேளுங்கள்: கல்லூரி நம் விண்ணப்பத்தை எந்தத் தேதியில் மேலே அனுப்பியது, மாநிலப் பங்கு எந்தத் தேதியில் விடுவிக்கப்பட்டது, மத்தியப் பங்கு எந்தத் தேதியில் வந்தது. எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்பது அதில் தெரிந்துவிடும்.

நம் கோரிக்கையையும் கூச்சமில்லாமல் வைப்போம். வருமான வரம்பு 8 லட்சம் ஆக வேண்டும். தகுதியுள்ள மாணவர் முன்பணம் கட்டாமல் சேர ஓர் அட்டை கொடுக்க வேண்டும், 'ஃப்ரீஷிப் கார்டு' என்று அரசு நெறிமுறைகளிலேயே பேசப்பட்டதுதான் அது. தாமதத்துக்கான வட்டியை அரசு ஏற்க வேண்டும். மின்கட்டணம் ஒருநாள் தாமதமானாலும் நம்மிடம் அபராதம் வாங்குகிறார்களே, பத்து மாதத் தாமதத்துக்கு என்ன கணக்கு?

மனுவின் மாதிரி ஒன்றைத் தட்டச்சு செய்து கொண்டுவந்திருக்கிறேன், பின்வரிசையிலிருந்து கொடுத்துக்கொண்டு வருகிறார்கள். போன ஆண்டுத் தொகை இன்னும் வராதவர்கள் கூட்டம் முடிந்ததும் இந்த மேசைக்கு வாருங்கள். கல்லூரி பெயர், விண்ணப்ப எண், கடன் வாங்கியிருந்தால் எவ்வளவு, என்ன வட்டி, எல்லாவற்றையும் எழுதுவோம். வரும் திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்குக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நான் இருப்பேன். அம்மா அப்பாவையும் கூட்டி வாருங்கள், வட்டி கட்டியவர்கள் அவர்கள்தான்.